முதுமையைத் தள்ளிப்போடும் மருந்துகள்: பழவேற்காட்டுக் கரையிலிருந்து ஒரு வாதம்

பழவேற்காடு ஏரியில் குனிந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பவருக்கு முதுமை முதலில் இடுப்பிலும் முழங்காலிலும் தெரியும். ஏரியருகே உள்ள தோணிரேவு கிராமத்தில் பனை ஓலை பின்னும் பெண்ணுக்கு விரல் மூட்டில். ஓய்வு வயது என்று ஒன்று இல்லாத வேலைகள் இவை. செல்களின் முதுமையைத் தள்ளிப்போடும் மருந்தால் அதிகப் பயன் பெறக்கூடியவர்கள் இவர்கள். அம்மருந்துகள் இவர்களைப் போன்றோரிடமே சோதிக்கப்பட வேண்டும்.

பிரிவதை நிறுத்திய பிறகும் சாகாமல் தங்கிவிடும் செல்கள், அழற்சியூட்டும் பொருள்களைச் சுரந்து அக்கம்பக்கத் திசுக்களையும் கெடுக்கின்றன. வயதோடு கூடும் இந்த மெல்லிய அழற்சி, இதயநோய் முதல் தசைத் தளர்ச்சி வரை பலவற்றுக்கும் பொது வேர் என்பது முதுமை ஆய்வுத் துறையின் கருதுகோள். மனிதக் கணக்கில் அறுபதை ஒத்த வயதில் கொடுக்கத் தொடங்கியும் ராபமைசின் என்ற மருந்து எலிகளின் ஆயுளைக் கூட்டியதை 2009இல் வெளியான ஆய்வு காட்டியது. எலியில் பலித்தது மனிதரில் பலிக்கும் என்ற உறுதி இல்லை. ஓர் ஊரில் பலித்தது இன்னோர் ஊரில் பலிக்கும் என்ற உறுதியும் இல்லை.

இரண்டாவதை உலகுக்குக் காட்டியது இந்த வட்டாரம்தான். பழவேற்காடு அடங்கியிருந்த பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூரை ஒட்டிய ஊர்களில் 1968இல் பி.சி.ஜி. தடுப்பூசிச் சோதனை தொடங்கியது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்றனர். பிரிட்டனில் பள்ளிப் பிள்ளைகளை நன்றாகக் காத்த அதே ஊசி, 15 ஆண்டுக் கண்காணிப்புக்குப் பிறகும் இங்கே பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுக்கவில்லை. மண்ணிலும் நீரிலும் வாழும், காசநோய்க் கிருமிக்கு உறவான கிருமிகளோடு மக்கள் ஏற்கெனவே பழகியிருந்தது ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

அந்த ஊசி முதுமை ஆய்வில் மறுபடி தலைகாட்டியது. கொரோனாக் காலத்தில் சென்னையின் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதை முதியவர்களுக்குச் செலுத்திப் பார்த்தது. ஒரு மாதத்தில் ரத்தத்தின் அழற்சிக் குறியீடுகள் பல குறைந்திருந்தன என்று 2021இல் வெளியிட்டது. சிறிய ஆய்வு, குறுகிய காலம். ஆனாலும் தொடர வேண்டிய தடம்.

நீரிழிவு மாத்திரையான மெட்ஃபார்மின் இந்த ஊர்களுக்கு இன்னும் நெருக்கமானது. 2021 ஆகஸ்ட் முதல் தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் நீரிழிவு மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறது. நீரிழிவு இல்லாத முதியவர்களிடம் மெட்ஃபார்மினைச் சோதிக்க அமெரிக்காவில் வகுத்த ‘டேம்’ திட்டமோ பணம் கிடைக்காமல் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போனது. காப்புரிமை தீர்ந்த மலிவு மாத்திரையில் கம்பெனிகளுக்கு என்ன லாபம்? இதற்கிடையே 2019இல் வந்த ஒரு முடிவு கவலை தருகிறது: எடைப் பயிற்சி செய்த 65 வயதுக்கு மேற்பட்டோரில், மெட்ஃபார்மின் எடுத்தவர்களுக்குத் தசை குறைவாகவே வளர்ந்தது. உட்கார்ந்து வேலை செய்பவருக்கு உதவும் மாத்திரை வலை இழுப்பவரின் தோளைத் தளர்த்துமா? வலை இழுப்பவரிடம் சோதிக்காமல் இதற்கு விடை கிடைக்காது.

அளவுகோல் கைவசம் இருக்கிறது. 2017–18இல் நடந்த இந்திய முதியோர் நீள் ஆய்வு, 72,000க்கும் மேற்பட்டோரைச் சந்தித்துக் கைப்பிடி வலிமையையும் அளந்தது. ரத்தக் குறியீடுகளோடு அதையும், குனிந்து நிமிரும் திறனையும் முதன்மை முடிவாக வைத்துக் கடலோரக் கிராமங்களில் சோதனை தொடங்கலாம். மருந்து பலித்தால், சோதனைக்கு உடல் கொடுத்தவர்களுக்கு அது இலவசமாகத் தொடரும் என்பதை முதல் நாளே ஒப்பந்தத்தில் எழுதிவிட வேண்டும்.