கோவில்பட்டித் தீப்பெட்டி லேபிள்: வரலாறும் மதிப்பீடும்

கோவில்பட்டி, கழுகுமலை, எட்டயபுரம், சாத்தூர், சிவகாசி என்று நீளும் கரிசல் வட்டாரத்தில் தயாரான தீப்பெட்டிகளின் மேல் ஒட்டப்பட்ட சிறு அச்சுத்தாளே தீப்பெட்டி லேபிள். புலி, சேவல், தாமரை, கடவுளர், தலைவர்கள், சினிமா முகங்கள் என எல்லாமே அதில் இடம்பெற்றன. ஒரு தலைமுறைப் பையன்களுக்கு அது 'தீப்பெட்டிப் படம்', காசுக்குப் பதிலாகக் கைமாறிய விளையாட்டுப் பொருள். இன்று அது சேகரிப்பாளர்கள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கும் பொருளாகிவிட்டது.

முதல் உலகப் போருக்கு முன்னும் பின்னும் இந்தியச் சந்தையில் சுவீடன், ஜப்பான் தீப்பெட்டிகளே ஓடின. இந்திய வாடிக்கையாளருக்கென்றே இந்துக் கடவுளரின் படம் போட்டு ஜப்பானியர் அனுப்பிய பெட்டிகளும் அவற்றில் உண்டு. 1922இல் இறக்குமதித் தீர்வை கடுமையாக உயர்ந்தது. அந்த ஆண்டே சிவகாசியைச் சேர்ந்த ப. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் தொழில் கற்கக் கல்கத்தா போனார்கள். திரும்பி வந்து 1923இல் உற்பத்தி தொடங்கினார்கள். அதே 1923இல் சுவீடன் தீப்பெட்டி நிறுவனமும் தீர்வையைத் தாண்ட உள்நாட்டிலேயே விம்கோ என்ற நிறுவனத்தை நிறுவியது. இயந்திரத்தில் ஓடிய விம்கோவுக்கு எதிரே கைத்தொழிலாக நின்றது கரிசல் பூமி. மழை பொய்த்தால் பருத்தியும் கம்பும் கைவிட்டுவிடும் ஊர்களில் வேலைக்கு ஆள் கிடைத்தது. குச்சியும் பெட்டியும் காய வெயிலும் இருந்தது. இந்தப் பக்கம் ஆலை என்று சொல்வதில்லை. சிறு கொட்டகையானாலும் அது 'தீப்பெட்டி ஆபீஸ்'தான்.

பெட்டி ஒட்டுவது, குச்சி அடுக்குவது எல்லாம் பெண்களின் கைவேலை. நெடுங்காலம் குழந்தைகளின் வேலையாகவும் இருந்தது. குழந்தைகளைப் பணியமர்த்துவதை 1986ஆம் ஆண்டுச் சட்டம் இந்தத் தொழிலில் தடைசெய்தது. சலம் பென்னுர்கரின் 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' (1990) ஆவணப்படம் சிவகாசிப் பக்கத்து நிலையைக் காட்டுகிறது. அழகான பழைய லேபிளைக் கையில் எடுப்பவர், அதை ஒட்டிய விரல் எந்த வயதினுடையது என்பதையும் அதன் வரலாற்றில் சேர்த்துக்கொள்ளத்தான் வேண்டும்.

லேபிளுக்காகவே அச்சுத் தொழிலும் வளர்ந்தது. 1920களின் கடைசியில் சிவகாசிக்கு வந்த லித்தோ அச்சகங்கள் பின்னாளில் நாட்டுக்கே காலண்டர் அச்சிட்டன. காலண்டர் ஓவியர் சி. கொண்டையராஜு 1940களில் கோவில்பட்டியில் வந்து தங்கினார். 1976இல் மறையும்வரை அவருடைய ஊர் அதுதான். அவரும் சீடர்களும் வரைந்த தெய்வப் படங்கள் சிவகாசியில் அச்சாகி வீட்டுச் சுவர்களுக்குப் போயின. தீப்பெட்டி லேபிளிலோ வரைந்தவர் பெயர் இருக்காது. ஆகவே 'இது கொண்டையராஜு வரைந்தது' என்று சொல்லி விலையேற்றுபவரிடம் ஆதாரம் கேட்பதே முறை.

மதிப்பீட்டில் புதியவர்கள் முதலில் படத்தைப் பார்க்கிறார்கள். படம்தான் மிகக் குறைவாகச் சொல்லும். ஓடுகிற படத்தை யாரும் மாற்றுவதில்லை, பக்கத்து ஆபீஸ்காரர் அதையே சற்றுத் திருத்திப் போடுவதும் உண்டு. ஒரே புலி பல பத்தாண்டுகள் பாயும். பொடி எழுத்தைத்தான் படிக்க வேண்டும். அஞ்சல் குறியீட்டு எண் இருந்தால் லேபிள் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தையது. 'நயா பைசா' என்ற விலை 1957க்கும் 1964க்கும் இடைப்பட்ட காலத்தைக் காட்டும். 'மெட்ராஸ் ஸ்டேட்' என்ற முகவரி 1969க்கு முந்திய வழக்கு. கோவில்பட்டி 1986 அக்டோபர்வரை திருநெல்வேலி மாவட்டம், பிறகு சிதம்பரனார் மாவட்டம், 1997க்குப் பின் தூத்துக்குடி. சாத்தூரும் சிவகாசியும் 1985வரை இராமநாதபுரம், 1997வரை காமராஜர் மாவட்டம், அதன்பின் விருதுநகர். பெட்டிக்கு 50 காசு என்பது 1995இல் வந்த விலை. 2007இல் அது ஒரு ரூபாயானது. 2021 டிசம்பர் முதல் இரண்டு ரூபாய்.

பழைய அச்சுத்தகடு, மிச்சமிருந்த தாள் ஆகியவற்றால் பழைய முகவரி புதிய பெட்டியிலும் தொடரலாம் என்பதால், இந்தக் குறிகளில் எது கடைசியாக வந்ததோ, லேபிள் அதற்கு முந்தியதல்ல என்று கொள்ள வேண்டும். மற்ற குறிகளெல்லாம் துணைச்சான்றுகளே.

திரைப்பட அரக்கர் பொம்மை சேகரிப்பவர்களும் வயதைக் கணிக்கும் இதே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். 1954இல் திரைக்கு வந்த காட்சில்லாவுக்கு ஜப்பானின் மருசான் நிறுவனம் 1966இல் வினைல் பொம்மை செய்தது. பின்னர் வெவ்வேறு நிறுவனங்கள் அதே அரக்கனை வார்த்தன. பொம்மையில் பொறித்த ஆண்டு பெரும்பாலும் உரிமைக்கோ வார்ப்புக்கோ உரியது, செய்த ஆண்டு அல்ல. 1979இல் அமெரிக்காவின் கென்னர் வெளியிட்ட 18 அங்குல 'ஏலியன்' பொம்மைக்குத் தலைமேல் கண்ணாடி போன்ற மூடி இருக்கிறதா, அட்டைப்பெட்டி இருக்கிறதா என்று பார்த்துத்தான் விலை பேசுவார்கள். அங்கே பெட்டி பொம்மையின் உறை. தீப்பெட்டியிலோ உறைதான் பொருள்.

அச்சையும் உற்றுப் பார்க்க வேண்டும். பூதக்கண்ணாடியில் லித்தோ எனும் கல் அச்சின் நிறம் மணல்போல் ஒழுங்கற்றுப் பரவியிருக்கும். ஆப்செட்டில் புள்ளிகள் வரிசை பிடித்திருக்கும். கணினி அச்சுப்பொறியின் பிரதியில் மை தூவியதுபோல் தெரியும். மரத்தகட்டுப் பெட்டி போய், அட்டையிலேயே படம் அச்சாகத் தொடங்கியதும் தனி லேபிளின் காலம் முடியத் தொடங்கியது. 1980களிலும் 90களிலும் நடந்த அந்த மாற்றத்துக்கு முந்திய, மரப்பெட்டியோடு ஒட்டிய லேபிளே என் கணக்கில் முதல் தரம். அதோடு கலால் வரிக்கான ஒட்டுத்தாளும் பெட்டியில் கிழிந்து நின்றால் இன்னும் நல்லது. 1934இல் தீப்பெட்டிக்குக் கலால் வரி வந்தபின் ஒட்டப்பட்டது அது. அது கிழிந்திருப்பது பெட்டி கடைக்குப் போய் விற்றது என்பதற்குச் சாட்சி. அச்சகத்தில் தேங்கி, பசை படாமல் பளபளக்கும் லேபிள்கள் கட்டுக்கட்டாகக் கிடைக்கும். அவற்றை அபூர்வம் என்பது விற்பவரின் வாய்ச்சாலகம்.

பசைத்தாளைத் தண்ணீரில் ஊறவைத்து உரிப்பது பழைய வழக்கம். மை கரையுமா என்று ஓரத்தில் சோதித்த பிறகே செய்யலாம். பெட்டியே மிஞ்சியிருந்தால் உரிக்காமல் விடுவதே நல்லது. குச்சியோடு கிடைத்த பெட்டியைத் தபாலில் அனுப்ப இயலாது, எரியும் பொருளுக்கு அஞ்சல்துறை இடம் தருவதில்லை. குச்சிகளைத் தனியே எடுத்துவிட்டு, பக்கவாட்டில் உள்ள சிவப்புப் பாஸ்பரஸ் பட்டை லேபிளில் உராயாதபடி இடையில் தாள் வைத்து, ஈரமில்லாத இடத்தில் வைப்பார்கள்.