மகனுக்கு எழுதிய வானநூல்

ஜெஃப்ரி சாசர் என்ற பெயரை ஆங்கில இலக்கிய வகுப்பில் கேட்டிருப்பீர்கள். 'காண்டர்பரி கதைகள்' பாடிய கவிஞர். ஆனால் அவரைப் பற்றி ஏறத்தாழ 500 அக்கால ஆவணங்கள் கிடைத்துள்ளன. அவற்றுள் ஒன்றுகூட அவரைக் கவிஞர் என்று சொல்லவில்லை! சம்பளம், கடன், வழக்கு என்று அவை காட்டுவது ஓர் அரசாங்க ஊழியரைத்தான்.

இலண்டன் மது வணிகர் ஒருவரின் மகன் அவர். இளமையில் பிரான்சுப் போரில் பிடிபட்டார். 1360-இல் அவரை மீட்க மன்னர் மூன்றாம் எட்வர்டு 16 பவுன் கொடுத்தார். 1374 முதல் துறைமுகத்தில் கம்பளிச் சுங்கக் கணக்கைக் கைப்பட எழுதினார். 1389-இல் அரசரின் கட்டடப் பணிகளுக்கு எழுத்தரானார். நாளொன்றுக்கு 2 ஷில்லிங் ஊதியம். பெயர்தான் எழுத்தர், அரண்மனைகளைப் பழுதுபார்க்கும் பொறுப்பும், அதற்கான பணமும் அவர் கையில். மறு ஆண்டு செப்டம்பரில் கொள்ளையர் அவரை வழிமறித்துப் பணத்தைப் பறித்தனர். 1391 ஜூனில் பதவி முடிந்தது.

அதே 1391-ஆம் ஆண்டைச் சேர்ந்ததுதான் நாம் பார்க்க வேண்டிய நூல். மகன் லூயிசுக்கு அப்போது வயது 10. கணக்கில் ஆர்வமுள்ள அவனுக்குத் தந்தை ஆஸ்ட்ரோலேப் என்னும் வானியல் கருவியைக் கொடுத்தார். அதைக் கையாளும் முறையைக் கூறும் நூல்களோ இலத்தீனில் இருந்தன. சிறுவனுக்கு அம்மொழி இன்னும் வசப்படவில்லை. எனவே சாசர் ஆங்கிலத்தில் எழுதினார். கிரேக்கர் கிரேக்கத்திலும் அராபியர் அரபியிலும் இவற்றைக் கற்றனர், உனக்கு ஆங்கிலம் போதும் என்று முன்னுரையில் காரணமும் காட்டினார். ஒன்றையே இருமுறை சொல்வதற்கும் மன்னிப்புக் கேட்கிறார். பாடம் நடத்துபவர்களுக்கு அது குற்றமாகத் தோன்றாது!

கருவி ஒரு பித்தளைத் தட்டு. வலக்கைக் கட்டை விரலில் வளையத்தை மாட்டித் தொங்கவிட வேண்டும். பின்புறம் சுழலும் சட்டத்தில் இரு துளைகள் உள்ளன. சூரியக் கதிர் இரண்டையும் கடக்குமாறு திருப்பினால், விளிம்பிலுள்ள பாகை சூரியனின் உயரத்தைக் காட்டும். முன்புறத்து விண்மீன் வலையை அதற்கேற்பச் சுழற்றி மணியை அறியலாம்.

நூலில் ஓர் எடுத்துக்காட்டு: 1391 மார்ச் 12 நண்பகலில் சூரியன் மேஷத்தின் முதல் பாகையில் இருக்கிறது. சூரியன் மேஷத்தின் தொடக்கத்துக்கு வருவது மார்ச் 20 வாக்கில் அல்லவா, 12 எப்படி வந்தது? பழைய ஜூலியன் நாட்காட்டி ஆண்டுக்கு ஏறத்தாழ 11 நிமிடம் கூடுதலாகக் கணக்கிட்டது. அது 128 ஆண்டுகளில் ஒரு நாளாகிவிடும். அன்றைய மார்ச் 12 நம் நாட்காட்டியில் மார்ச் 20 தான். கணக்கர் பிசகவில்லை.

ஐந்து பகுதிகளாகத் திட்டமிட்ட நூல் இரண்டோடு நின்றது. சாசர் 1400-இல் இறந்தார். மூத்த மகன் தாமஸ் பின்னர் மக்களவைத் தலைவராகப் பலமுறை அமர்ந்தார். பேத்தி ஆலிஸ் சஃபோக் கோமகள் ஆனாள். 1403-இல் வேல்சிலுள்ள கார்மார்தன் கோட்டைப் படைவீரர் பட்டியலில் தாமஸோடு இன்னொரு பெயரும் இருக்கிறது: லூயிஸ் சாசர். சிறுவனுக்கு அப்போது 22 வயதிருக்கும்.