பள்ளி படுக்கையா?

புதுப்பட்டினத்துப் பக்கம் எந்தப் பள்ளி ஆண்டு விழாவுக்குப் போனாலும் யாராவது ஒருவர் மேடையேறிச் சொல்லிவிடுகிறார்: முனிவர்கள் பாறையில் வெட்டிய படுக்கையே பள்ளி, அதன்மேல் பிள்ளைகளை உட்காரவைத்துப் பாடம் சொன்னதால் பள்ளிக்கூடம் என்று. கைதட்டலும் கிடைத்துவிடுகிறது. கதை நன்றாகத்தான் இருக்கிறது, சொல்லாராய்ச்சி அன்று.

கன்னட ஹள்ளியும் தெலுங்குப் பல்லெயும் ஊரைக் குறிப்பவை. அங்கெல்லாம் கற்படுக்கை வெட்டியவர் யார்? பள்ளியின் முதற்பொருள் தங்குமிடம். மாங்குளத்துத் தமிழிக் கல்வெட்டு, நெடுஞ்செழியன் காலத்தில் கணி நந்தாசிரியனுக்கு அளித்த குகையைப் 'பளி' என்கிறது. அங்கே படுக்கைகள் உண்டு, மறுக்கவில்லை, கொடுத்தது உறைவிடத்தை. பள்ளிகொள்ளுதலையும் பள்ளியறையையும் காட்டி மடக்கப் பார்ப்பார்கள். தங்குகிற இடத்தில்தானே படுக்கிறோம்! பாலிச் சொல் என்பார்க்கு ஒருவரி விடை: பாலியில் துறவியர் உறைவிடம் விகாரம், ஆராமம்; பள்ளி இல்லை. சிலம்பு இரண்டையும் அறியும். இந்திர விகாரமும் அதில் உண்டு, அறவோர் பள்ளியும் உண்டு.

என் கட்சிக்குப் பெருஞ்சான்று நாகப்பட்டினம். கடாரத்து அரசன் சூளாமணிவர்மன் பெயரால் அங்கே எழுந்த விகாரத்துக்கு, முதலாம் இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் (1006) ஆனைமங்கலத்தைப் பள்ளிச்சந்தமாக, அதாவது பள்ளிக்கான நிலக்கொடையாக, விட்டான். அந்தக் கொடையைச் சொல்லும் ஆனைமங்கலச் செப்பேடு டச்சு நாட்டு லெய்டனுக்குப் போய்ச் சேர்ந்தது. நமக்குப் பக்கத்துச் சதுரங்கப்பட்டினத்தில் கோட்டை கட்டிய டச்சுக்காரர்கள்தாம் 1658இல் நாகப்பட்டினத்தையும் பிடித்தவர்கள். குலோத்துங்கனின் 1090ஆம் ஆண்டுச் சிறிய செப்பேட்டில் இராசராசப் பெரும்பள்ளி, இராசேந்திரசோழப் பெரும்பள்ளி என்ற பெயர்கள் வருகின்றன. பெரும்படுக்கை என்று உரை எழுதலாமா?

நாகப்பட்டினத்தில் ஓதலும் உரையெழுதுதலும் சூளாமணி விகாரத்துக்கு முன்பே இருந்தன. தம்மபாலர் நெத்திப்பகரண உரையை எழுதியது அங்கேதான். காஞ்சியில் பிறந்து நாலந்தாவின் தலைவரான தருமபாலர் வேறு ஒருவர். பெயர் ஒன்றாயிருப்பதால் இருவரையும் ஒருவராக்குவோர் உண்டு.

நாகப்பட்டினத்து விகாரத்தை அழித்தவர் யார் என்றால், திருமங்கையாழ்வார் பொற்புத்தரைக் கவர்ந்த குருபரம்பரைக் கதையை எடுத்து நீட்டுகிறார்கள். ஆழ்வார் காலம் சூளாமணி விகாரத்துக்கு முந்தியது. கதையை இதில் ஒட்ட இடமில்லை. கடாரத்துத் தொடர்பும் சோழர் ஆதரவும் அற்றதும் பள்ளி தளர்ந்தது. ஆயினும் 1476இல் பர்மாவின் கல்யாணிக் கல்வெட்டு, பிக்குகள் நாகப்பட்டினம் வந்து வழிபட்டதைச் சொல்கிறது. புதுவெளிகோபுரம் என்று ஊரார் சொன்ன மூன்றடுக்குச் செங்கற்கோபுரம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் நின்றது. வால்டர் எலியட் 1846இல் பார்த்திருக்கிறார். 1867இல் அரசின் அனுமதியோடு இயேசு சபையார் அதை இடித்தார்கள். அவர்களும் அங்கே கல்லூரி நடத்தியவர்களே. அந்தச் செயின்ட் ஜோசப் கல்லூரி 1883இல் திருச்சிராப்பள்ளிக்கு மாறியது. நாகப்பட்டினத்தில் 1856 முதல் 1930கள் வரை ஏறத்தாழ 350 புத்தப் படிமங்கள் மண்ணிலிருந்து கிடைத்தன.

பள்ளி இன்று தமிழருக்குப் பாடசாலை, மலையாளிக்குத் தேவாலயம், முஸ்லிம்களுக்குப் பள்ளிவாசல். மூன்றும் கூடித் தங்கும் இடங்கள். ஒன்றிலும் படுக்கை இல்லை. அரசர் சமாதிக்கோயிலான பள்ளிப்படையில் உறக்கப்பொருள் தெரிகிறது என்பார்கள். அது பின்வந்த இடக்கரடக்கல் என்பதே என் துணிபு. மேடைப் பேச்சாளர்கள் இனி ஆனைமங்கலச் செப்பேட்டை ஒருமுறை படித்துவிட்டு ஒலிவாங்கியைத் தொடட்டும்.