வராதவனிடம் ஒரு கேள்வி

என் முதல் கம்பெனியில் ஒருவன் தொடர்ந்து மூன்று நாள் வாசலில் கார்டு தேய்க்கவில்லை என்றால், நான்காம் நாள் காலையில் அவனுக்குத் தானாகவே ஒரு மெயில் போய்விடும். அதில் அவன் 'அப்ஸ்காண்டிங்', அதாவது ஓடிப்போனவன். அப்படி மெயில் வாங்கிய நண்பன் ஒருவன் அப்போது அப்பாவோடு ஐசியு வாசலில் உட்கார்ந்திருந்தான். அந்த ஸ்கிரிப்டைப் பராமரித்துக்கொண்டிருந்தது நான்தான்.

பிறகு ஒரு பழைய தீர்ப்பைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. வழக்குப் போட்டவர் ஜெய்சங்கர். நடிகர் இல்லை, ஜோத்பூர் மத்திய சிறையின் தலைமைக் காவலர். 1950 ஏப்ரலில் இரண்டு மாத விடுப்பில் போனவர், உடம்பு சரியில்லை என்று நீட்டிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தார். விடுப்பு முடிந்தும் ஒரு மாதம் வராதவர் வேலையைத் தானே விட்டவராகக் கருதப்படுவார் என்பது அங்கிருந்த விதி. என் ஸ்கிரிப்டேதான்! 1965-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பெயர் என்ன வைத்தாலும் இது பணிநீக்கம்தான். அரசியல் சட்டத்தின் 311-ஆம் பிரிவுப்படி, அவர் சொல்வதைக் கேட்காமல் நீக்க முடியாது என்றது. 2012-இல் பார்மர் வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போய், வேண்டுமென்றே வரவில்லை என்று நிரூபிக்காமல் வராததைக் குற்றமாக்க முடியாது என்றது.

இந்தச் சட்டம் கடுமையாகச் சோதிக்கப்படும் இடம் கோர்ட்தான். எங்கள் தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு அமீனா மாதக்கணக்கில் வரவில்லை என்றால் சம்மன் போகாது. சம்மன் போகாவிட்டால் வழக்கு நகராது. விளாத்திகுளம் பக்கத்திலிருந்து ஒருநாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறி வந்தவருக்கு மிஞ்சுவது வாய்தாதான். ஆகவே நடவடிக்கை வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் கீழமை நீதிமன்றங்கள் 235-ஆம் பிரிவுப்படி உயர் நீதிமன்றத்தின் கட்டுப்பாட்டில் இருக்கின்றன. அங்கே முதலாளியும் நீதிபதி, தண்டிப்பவரும் நீதிபதி. அதனால்தான் ஊழியர்கள் '17-பி' என்று பயத்தோடு சொல்லும் அந்தக் குற்றச்சாட்டு மெமோ, விளக்கம், விசாரணை என்ற வரிசை அங்கே கூடுதல் முக்கியம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 'வராதவனை என்ன செய்வது' என்ற கேள்விக்கு கோர்ட் தன் வழக்காடிகள் விஷயத்தில் எப்போதோ பதில் சொல்லிவிட்டது. பிரதிவாதி வராவிட்டால் எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு. ஆனால் போதுமான காரணம் காட்டினால் அந்தத் தீர்ப்பை ரத்து செய்யலாம். சிவில் நடைமுறைச் சட்டத்தின் 9-ஆம் கட்டளை அது. கடன்காரனுக்குக் கிடைக்கும் இந்த வாய்ப்பு குமாஸ்தாவுக்குக் கிடைக்காவிட்டால் எப்படி?

அந்தச் சட்டம் நிறைவேறியது 1908 மார்ச்சில். அதற்குச் சில நாள் முன்புதான், பிப்ரவரி 27 அன்று, தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைக்குப் போகாமல் நின்றார்கள். பின்னால் நின்றவர் வக்கீல் வ.உ.சி. அவர்கள் கேட்டவற்றில் ஒன்று வார விடுமுறை. வாரத்தில் ஒருநாள் வராமலிருக்கும் உரிமையை வாங்க, அவர்கள் வேலைக்கு வராமலிருக்க வேண்டியிருந்தது. வாங்கியும் விட்டார்கள்.

எல்லோருக்கும் அப்படி அமையவில்லை. 2003 ஜூலையில் தமிழக அரசு, வேலைநிறுத்தம் செய்த ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களை, ஆசிரியர்களை, விசாரணையே இல்லாமல் வீட்டுக்கு அனுப்பியது. வேலைநிறுத்தம் உரிமையே அல்ல என்றது உச்ச நீதிமன்றம். பெரும்பாலோர் மன்னிப்பும் உறுதிமொழியும் எழுதிக் கொடுத்துத்தான் திரும்பினார்கள். ஏன் வரவில்லை என்று தனித்தனியாகக் கேட்க அன்று யாருக்கும் பொறுமை இல்லை.

கேட்பதற்கு நேரம் ஆகும்தான். கேட்ட பிறகும் நீக்க வேண்டியவரை நீக்கத்தான் வேண்டும். ஆனால் கேட்காத நடவடிக்கையை ஒரு ஸ்கிரிப்டே செய்துவிடும். அதற்கு நீதிபதி எதற்கு?

நான் அந்த கம்பெனியை விட்டு வருவதற்கு முன் ஸ்கிரிப்டில் ஒரு மாற்றம் செய்தேன். நான்காம் நாள் மெயில் இப்போது மேனேஜருக்குப் போகும். அதில் ஒரே வரி: 'முதலில் போன் பண்ணிக் கேளுங்கள்.'