ஊர்ப்பெயர் ஏறாத போத்தல்: சிலாபக் கரையின் தென்னங்கள் வரலாறு

பிரான்சின் பேர்கண்டிப் பகுதியில் மெர்சோ, பொமார் என்று இரு சிற்றூர்கள். அங்கு விளையும் திராட்சை மதுவுக்கும் அவையே பெயர். 1935இல் உருவான பிரெஞ்சுச் சட்ட ஏற்பாடு அப்பெயர்களை வேற்றூரார் எடுத்தாளாதபடி காத்து நிற்கிறது. இலங்கையில் மகாஓயாவைக் கடந்து வடக்கே வந்தால் வென்னப்புவ, லுணுவில, நாத்தாண்டிய, மாரவில எனச் சிலாபம் வரை தென்னந்தோப்புகள் தொடர்கின்றன. இங்கும் மரத்திலிருந்து மது இறங்குகிறது. ஆனால் ஊரின் பெயர் மதுவுக்கு ஒட்டவில்லை. அதற்கான காரணத்தை மண்ணில் தேடுவதைவிட வரி வரலாற்றில் தேடுவதே பொருத்தம் என்பது என் கருத்து.

எனினும் கள்ளின் இயல்புக்கும் இதில் பங்குண்டு. விரியாத பாளையைக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, நாள்தோறும் மெதுவாகத் தட்டிப் பதப்படுத்தி, நுனியைச் சீவி முட்டியைக் கட்டுகிறார் சீவல்காரர். ஒரு மரத்திலிருந்து மறு மரத்துக்கு இழுத்துக் கட்டிய கயிற்றில் நடந்தே தோப்பின் பல மரங்களைப் பார்த்துவிடுவது தென்னிலங்கைக் கரையோரத்தின் பழைய கைத்திறன். கீழே இறங்கி ஏறும் நேரம் அதனால் மிச்சம். சீவிய பாளை காய் தராது. கள்ளா தேங்காயா என்று தோட்டக்காரர் முதலிலேயே முடிவெடுத்தாக வேண்டும். முட்டியில் விழும்போதே காற்றிலுள்ள நுண்ணுயிர்கள் வேலையைத் தொடங்கிவிடும். ஒரு நாள் கடந்தால் கள் புளித்து வினாகிரியின் பக்கம் சாயும். திராட்சை மது நிலவறையில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும். கள்ளுக்கு அந்த அவகாசம் இல்லை. காய்ச்சி வடித்துச் சாராயமாக்கி, ஹல்மில்ல மரப் பீப்பாயில் இட்டால்தான் அது காலம் தாங்கும். வடித்து விற்கும் உரிமை எவர் கையில் இருந்ததோ, பெயரும் அவரிடமே போய்ச் சேர்ந்தது.

அந்த உரிமையை ஒல்லாந்தர் குத்தகைக்கு விட்டனர். ஆங்கிலேயர் அதையே வளர்த்தெடுத்தனர். ஒரு வட்டாரத்தில் சாராயம் விற்கும் தனியுரிமை ஏலத்தில் போகும். அதிகம் கேட்டவர் குத்தகைக்காரர். மொறட்டுவ, பாணந்துறைக் குடும்பங்கள் சில பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வழியே பெருஞ்செல்வம் திரட்டின. விற்பனையிடத்துக்கு நாம் வழங்கும் ‘தவறணை’ என்ற சொல் போர்த்துக்கேயரிடமிருந்து வந்தது. ஆட்சிகள் மாறியும் அந்தச் சொல் நிலைத்தது. மரமேறியவரின் ஊரோ எந்தக் குத்தகைச் சீட்டுக்கும் தேவைப்படவில்லை.

சிலாபப் பக்கத்துத் தென்னைத் தோட்டங்கள் பெருகியதும் அதே நூற்றாண்டில்தான். ஒல்லாந்தர் கால்வாயில் படகுகள் சரக்கேற்றிச் சென்றன. 1916இல் புகையிரதம் சிலாபத்தை எட்டியது, 1926இல் புத்தளத்தை. 1929இல் லுணுவிலவின் பண்டிரிப்புவத் தோட்டத்தில் தென்னை ஆராய்ச்சித் திட்டம் தொடங்கி, பின்னர் தென்னை ஆராய்ச்சி நிலையமானது. மண், மழை, மரவகை என்று இக்கரையின் தென்னையை அறிவியல் நுணுகிப் பார்த்த இடமே இது. மெர்சோவின் சரிவுகளை அவ்வூரார் அறிந்திருக்கும் அளவுக்கு நம் மணலையும் அறிந்தவர்கள் இங்கே இருந்தார்கள் என்பதால்தான் ஊர்ப்பெயர் ஏறாதது எனக்கு வருத்தம் தருகிறது.

1912இன் மதுவரிச் சட்டம் பழைய குத்தகை முறைக்கு முடிவு கட்டி, உரிமப் பத்திரங்களைக் கொண்டுவந்தது. கள்ளுத் தவறணைகள் பெருகவே, சேனநாயக்க சகோதரர் முதலானோர் முன்னின்ற மதுவிலக்கு இயக்கம் கிளர்ந்தது. கள் வரி கொடுக்கும் பொருளாகவும் ஒழிக்க வேண்டிய தீமையாகவுமே பேசப்பட்டது. ஓர் ஊரின் விளைச்சலாக அதைப் பார்க்க இரு தரப்புக்கும் காரணம் இருக்கவில்லை. 1974இல் அரச வடிசாலைக் கூட்டுத்தாபனம் வந்தது. 1992இல் அது தனியார் கைக்குப் போனது. போத்தலில் நிறுவனத்தின் பெயர் நிலைபெற்றது.

2022இல் இலங்கைக் கறுவாவுக்கு ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் குறியீடு வழங்கியது. பட்டை உரிப்பவரின் கைத்திறனும் நாட்டின் பெயரும் அதனால் ஒன்றாகப் பதிவாயின. தென்னஞ்சாராயத்துக்கும் அதைக் கேட்கலாம். கேட்டால் ‘இலங்கை’ என்பதோடு நில்லாமல் ‘மாரவில’ என்றும் கேட்க வேண்டும். அதற்கு முதலில் ஓர் ஊரின் கள்ளைத் தனியே வடிக்க வேண்டும். பல தோப்புகளின் முட்டிகள் ஒரே தொட்டியில் கொட்டப்படும் வரை அது நடவாது.