பழைய கம்பியூட்டரை வீச முன்...

1956இல் ஐபிஎம் நிறுவனம் முதல் ஹார்ட் டிஸ்க்கைக் கொண்டுவந்தது. இரண்டடி அகலத்தில் 50 தட்டுகள், ஒரு தொன்னுக்கு மேல் பாரம். அதில் அடங்கியதோ 50 இலட்சம் எழுத்துகள்தான். இன்று ஃபோனில் எடுக்கும் ஒரு படத்துக்கே அது சரி.

தட்டு சுழல வேண்டும், வாசிக்கும் தலை இடம் தேடி நகர வேண்டும். நம் பழைய கம்பியூட்டர்கள் மந்தமாவது பெரும்பாலும் இந்தக் காத்திருப்பால்தான்.

1980களில் தோஷிபாவில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோகா, அசையும் பாகமே இல்லாத ஃபிளாஷ் நினைவகத்தைக் கண்டுபிடித்தார். 1991இல் இன்றைய சான்டிஸ்க் 20 எம்பி எஸ்எஸ்டியை விற்றபோது விலை சுமார் 1000 டொலர்! இன்று அதைவிடப் பல்லாயிரம் மடங்கு கொள்ளும் எஸ்எஸ்டி கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கிறது.

ஆகவே, மூலையில் கிடக்கும் கம்பியூட்டரை வீச முன் டிஸ்க்கை மாற்றிப் பார்ப்போம். உள்ளிருக்கும் படங்களை, ஆவணங்களை முதலில் பிரதி எடுப்போம். புதியது வாங்க வசதியில்லாத ஒரு பிள்ளையின் படிப்புக்கு அதுவே போதும்.