நகரத்தார் வளவும் அதன் சீரமைப்பும்

பழுதுற்ற ஆலயத்தை அதன் பழமை குன்றாது புதுக்குதலைச் சீர்ணோத்தாரணம் என்பர் ஆன்றோர். முன்னோர் வாழ்ந்த மனையைக் காத்தலும் அதனோடு ஒருபுடை ஒத்த கடமையேயாம். இதற்குச் செட்டிநாட்டுப் பெருமனைகள் தக்க சான்றாகும்.

இளையாற்றங்குடி முதலிய நகரக் கோயில்கள் ஒன்பதனைத் தம் மரபிற்கு வேராகக் கொண்ட நகரத்தார், 19ஆம் நூற்றாண்டில் பர்மா, இலங்கை, மலேயா ஆகிய நாடுகளிற் கொடுக்கல் வாங்கல் நடத்திப் பெரும்பொருள் ஈட்டினர். அப்பொருளில் ஒருபகுதி சிதம்பரம், திருவண்ணாமலை முதலிய தலங்களின் திருப்பணிக்குச் சென்றது. ஒருபகுதி கானாடுகாத்தான் முதலிய ஊர்களில் மாளிகைகளாய் எழுந்தது.

இம்மனைகள் முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்னும் முறையில், தெருவுக்குத் தெரு நீண்டு கிடப்பன. வளவாவது வானம் நோக்கிய முற்றமும், அதனைச் சூழ்ந்த பத்தியும், அறைகளுமாம். மணமான மகன் ஒவ்வொருவனுக்கும் ஆண்டு ஓர் அறை உண்டு. புள்ளிகள் பலவாயினும் மனை ஒன்றே என்பது அதன் கருத்து. தூண்கள் பர்மாத் தேக்காலாயவை. தரை இத்தாலியப் பளிங்காலும் ஆத்தங்குடிக் கல்லாலும் இயன்றது. சுண்ணாம்பை நன்கு அரைத்து, முட்டை வெண்கருச் சேர்த்துப் பூசிய சுவர், தேய்க்குந்தோறும் பளிங்கென ஒளிரும்.

1930ஆம் ஆண்டையொட்டி வந்த பொருள்முடையும், 1942இல் பர்மா சப்பானியர் வசப்பட்டதும், 1948இல் அந்நாட்டார் இயற்றிய நில நாட்டுடைமைச் சட்டமும் இவ்வாழ்வின் அடித்தளத்தை அசைத்தன. மனைகள் பல பூட்டப்பட்டன. சில பிரிக்கப்பட்டுத் தூணும் நிலைக்கதவும் காரைக்குடிப் பழம்பொருட் கடைகளில் விலைப்பொருளாயின. ஒரு மனைக்குப் பங்காளிகள் பலராதலின், ஒருவர் செப்பனிட விழையினும் ஏனையோர் இசைவு வேண்டும். அவ்விசைவு வருமுன்னரே ஓடு விலகி, மழைநீர் இறங்கி, உத்திரம் இற்றுப்போவதும் உண்டு.

சீரமைப்பில் முதற்கண் காக்கத்தக்கது கூரை. அடுத்தது சுவர். பழஞ்சுண்ணச் சுவரின்மேற் சிமெண்டு பூசின், உள்ளீரம் வெளிப்போக வழியின்றிச் சுவரையே அரிக்கும். ஆகலின் சுண்ணத்திற்குச் சுண்ணமே மருந்து. அதனை அரைத்துப் பூசவல்ல கொத்தர் மரபும் உடன் காக்கப்படல் வேண்டும். செட்டிநாட்டு ஊர்கள் 2014இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத்துக்குரிய முன்னோட்டப் பட்டியலில் இடம்பெற்றன. சில மனைகள் தங்கும் விடுதிகளாகி உயிர் பிழைத்தன.

எனினும், பட்டியல் பெருமை தரும், கூரையைத் தாங்காது. அதனைத் தாங்குவது பங்காளிகளின் ஒற்றுமையே. திருமணத்திற்கும் முன்னோர்க்கிடும் படைப்பிற்கும் எங்கெங்கோ வாழ்வோர் ஒரு வளவிற் கூடுங்காறும் அம்மனை வாழும். கோயிற் குடமுழுக்கிற்கு ஒன்றுகூடும் கைகள் இல்லத் திருப்பணிக்கும் ஒன்றுகூடுக.